கடப்பில் தொங்கிய கொப்பி

எங்கள் தன்னாமுனை ஒழுங்கையில் இப்போது பொலிஸ் ரோந்து கூடியிருக்கிறது. களவு கூடியதால்தான். அவர்களுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், இந்த வயதிலும் என் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோதும் இப்படித்தான். ஆடு, சைக்கிள் என்று ஒவ்வொன்றாகக் காணாமற்போக, தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒரு பொலிஸ்காரர் வரத் தொடங்கினார். வந்ததற்கு அடையாளமாக அவர் ஒப்பம் வைக்கும் கொப்பியைப் பால்மாத் தகரப் பேணியில் போட்டு எங்கள் வேலிக் கடப்பு வாசலில் தொங்கவிட்டிருந்தார்கள்.

"கள்ளனப் பிடிக்கிற கொப்பி கள்ளன் வீட்டிலதானே தொங்கும்," என்று பக்கத்து வீட்டு மாமி சிரிப்பாள். அம்மாவுக்குச் சிரிப்பு வராது.

அந்த நேரம் பார்த்து அக்காவைப் பெண்பார்க்கப் புளியந்தீவிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்கு அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று அம்மா ஓயாமல் சொன்னாள். அதைக் கேட்டாலே அக்கா எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவாள். அவர்கள் வருவதற்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நாளைக்கு ஆக்கள் அஞ்சு மணிக்கு வாறாங்க. பொலிஸ்காரர மூண்டரைக்கே வந்து போகச் சொல்லு. அம்மாக்கிட்ட சொல்லாத," என்றாள். போய்ச் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

ஆட்கள் மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள். அம்மா என் காதுக்குள், "பேணியக் கழட்டி எங்கயாவது ஒளி மனே," என்றாள். கோழிக்கூட்டுக்குள் வைத்துவிட்டு, கூட்டுக்கும் கடப்புக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

சொன்ன நேரத்துக்குப் பொலிஸ்காரர் வந்தார். கடப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு நேரே உள்ளே வந்துவிட்டார்.

"அம்மா, கொப்பி எங்க? ஒப்பம் வைக்காம நான் போகேலாது."

அரசாங்கக் கொப்பியை ஒளித்ததற்கு என்னைப் பிடித்து மறியலில் அடைப்பார்கள் என்று பயந்து, ஓடிப்போய்க் கோழி எச்சத்தோடு அதை எடுத்துவந்து எல்லாருக்கும் முன்னால் நீட்டினேன்.

மாப்பிள்ளையின் தகப்பன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "இவரு ஒவ்வொரு நாளும் இங்க வாறாரா?" என்று மட்டும் கேட்டார்.

அவர்கள் போனதும் அம்மா என்னை அடிக்க ஈர்க்குமாற்றை எடுத்தாள். "அவரு ஏன்டா இண்டைக்கு நேரத்தோட வந்தவர்? அவரு வாறதுக்கு முன்னம் போகட்டும் எண்டுதானே ஆக்கள மூண்டுக்கு வரச் சொன்னன்!"

அக்காதான் ஓடிவந்து அடியைத் தடுத்தாள். ஆட்கள் தொடாமல் விட்டுப்போன பலகாரத்தை என் இரண்டு கையிலும் நிறைத்துவிட்டு, மெல்லப் பாடிக்கொண்டே முற்றம் கூட்டினாள்.

பாவம், அக்கா நேரத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டாள் என்று நினைத்து, அதை யாரிடமும் சொல்லாமல் வெகுகாலம் காப்பாற்றி வந்தேன்.