வாயால் மட்டும் உத்தரவு போடும் மேனேஜர்

மந்தாரக்குப்பத்தில் ஒரு கான்ட்ராக்ட் ஆபீஸில் ஷிப்ட் லிஸ்ட் போடுவது என் வேலை.

எங்கள் மேனேஜர் எதையும் எழுதித் தரமாட்டார். நடந்துகொண்டே வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார். போன மாதம் அவர் சொல்லித்தான் லிஸ்டை மாற்றினேன். மேலே இருந்து கேள்வி வந்ததும், "இந்தப் பொண்ணு எதுக்கு மாத்துச்சின்னு தெரியலிங்க" என்றார். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

இன்று மதியமும் அப்படித்தான். "செல்வத்த செகண்ட் ஷிப்ட்டும் சேத்து பாக்கச் சொல்லிடும்மா."

செல்வம் அப்போதுதான் காலை ஷிப்ட் முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். முகம் விழுந்துவிட்டது. "பொண்டாட்டிய இன்னிக்கி ஆஸ்பத்திரிலேர்ந்து அனுப்புறாங்க மேடம். நான்தான் போயி கூட்டியாரணும்."

மேனேஜரிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: "சார், நீங்கள் சொன்னபடி செல்வத்துக்குத் தொடர்ந்து இரண்டாவது ஷிப்ட்டும் போடுகிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்."

பார்த்துவிட்டார். பதில் இல்லை. பத்து நிமிடத்தில் ஆளே வந்து நின்றார்.

"இதையெல்லாம் எதுக்கும்மா குரூப்ல போட்டுகினு இருக்க? அவன் வூட்டுக்குப் போவட்டும், உடு."

செல்வத்தின் வண்டி கேட்டைத் தாண்டிய பிறகுதான் என் டீயைத் தொட்டேன். ஆறிப்போயிருந்தது. ஆனாலும் நன்றாக இருந்தது.

மூன்று வருடமாக எங்களுக்காக ஒரு வார்த்தை பேசாத மனிதர், இன்று ஒரு வார்த்தை எழுதாமல் இருந்தே உதவிவிட்டார். உங்கள் மேனேஜர் எதை எழுதித் தரச் சொன்னால் பின்வாங்குவார்?