தார் ரோட்டில் ரங்கையா

நகரிக்குப் பக்கத்தில் தாமோதரனின் கரும்புக் கொல்லையில் கூலி வேலை செய்தவன் ரங்கையா. சொந்தமாக ஒரு முழ நிலம் கிடையாது. ஆனால் ஓட ஆரம்பித்தால் அவனை யாராலும் பிடிக்க முடியாது. சித்தூரில் நடந்த ஜில்லாப் பந்தயத்தில் பூட்ஸ் போட்ட போலீஸ்காரர்களையெல்லாம் பின்னால் விட்டு, வெறுங்காலோடு முதலில் வந்தான். திருப்பதியிலிருந்த விளையாட்டுச் சங்கச் செயலாளர் அவன் பெயரை டெல்லிக்கு எழுதினார். அங்கே தேறினால் டோக்கியோவில் ஆசிய விளையாட்டு. தெலுங்குப் பத்திரிகை ஒன்று 'ஆந்திர வீரன்' என்று படம் போட்டது.

தமிழ் பேசுகிற தன் கூலியாளை ஆந்திரன் என்று போட்ட அந்தப் படம் தாமோதரனை உறுத்தியது. நகரியும் புத்தூரும் மெட்ராஸோடு சேர வேண்டும் என்று கூட்டம் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். உடனே மெட்ராஸிலிருந்து சந்திரன் என்ற நிருபரை வரவழைத்தார்.

பங்குனி வெயில். புத்தூர் ரோட்டில் அப்போதுதான் தார் போட்டிருந்தார்கள். ரங்கையா கையில் எல்லைப் போராட்டக் கொடி ஒன்றைக் கொடுத்து ஓடச் சொன்னார் சந்திரன். முதல் தடவை கொடி முகத்தை மறைத்தது. அடுத்த தடவை மாட்டுவண்டி குறுக்கே வந்தது. திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். தார் உருகி உள்ளங்காலில் ஒட்டி, தோலோடு பிய்ந்தது.

"காலு வேவுது ஆண்டே. சாயந்தரமா ஓடிக் காட்றேன்" என்றான் ரங்கையா.

தாமோதரன் நிருபரைப் பார்த்தார். சந்திரன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்பத்தான் முகம் நல்லா வருது. இன்னொரு தடவை ஓடட்டும்."

அவன் ஓடினான். மறுநாள் பேப்பரில் அந்த முகம் பெரிதாக வந்தது. ஆந்திர ஆட்சியில் தமிழன் படும் வேதனை என்று மேலே போட்டிருந்தார்கள். சொந்த ராஜ்யத்துக்குத்தான் ஓடுவேன் என்று அவன் சொன்னதாகவும் இருந்தது.

ரங்கையாவுக்குப் படிக்கத் தெரியாது. திருப்பதியிலிருந்து கூப்பிட்டதாகத் தகவல் வந்ததும் டெல்லிக்கு டிக்கெட் கொடுக்கத்தான் என்று நினைத்தான். மனைவி பாப்பாத்தி பழம்புடவையைக் கிழித்துக் காலில் சுற்றி, பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். செயலாளர் பேப்பரை மேஜைமேல் போட்டார். அவன் பெயரை எடுத்துவிட்டதாகச் சொன்னார். தான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று ரங்கையா தெலுங்கில் கெஞ்சினான்.

"உன் பேப்பர்தானே சொல்லுது? மெட்ராஸ்காரங்களையே அனுப்பச் சொல்லு."

மெட்ராஸ் சங்கமோ, நகரி இன்னும் ஆந்திராவில்தானே இருக்கிறது என்று கைவிரித்தது.

அதற்குள் காலில் சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். சேற்றில் நிற்க முடியாதவனுக்கு என்ன வேலை என்று தாமோதரன் அவனை நிறுத்திவிட்டார். பாப்பாத்தி மட்டும் அதே கொல்லைக்குக் கரும்பு வெட்டப் போனாள். போகாதே என்று ஒரு நாள் தடுத்துப் பார்த்தான்.

"அப்ப நீ போய் வெட்டு" என்றாள் அவள். அதற்கப்புறம் அவன் தடுக்கவில்லை.

எல்லை முடிவானபோது திருத்தணி மெட்ராஸுக்குப் போனது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. தாமோதரன் சீக்கிரமே மனசை மாற்றிக்கொண்டார். அடுத்த ஜில்லாப் பந்தயத்துக்கு அவர்தான் தலைமை. அவரைப் படம் எடுக்கச் சந்திரனும் கேமராவோடு மேடையில் இருந்தார். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட ரங்கையாவைக் கூலிக்கு வைத்திருந்தார்கள்.

சந்திரனுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. படத்தில் விழுகிறான் என்று தாமோதரனிடம் கையைக் காட்டினார்.

"ஏய், ஓரமா போ. சீக்கிரம்" என்றார் தாமோதரன்.

ரங்கையா சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு நொண்டினான். அவன் கோட்டைத் தாண்டுமுன்பே விசில் ஊதிவிட்டார்கள். ஓடிவந்தவர்களில் ஒருவன் அவனை இடித்துத் தள்ளிவிட்டுப் போனான். கூட்டம் சிரித்தது.