பேசாமல் தொட்டால்

பல் செட் செய்யும் பட்டறையில் அவளுக்குப் பின்னறை. பல் மருத்துவர்களிடமிருந்து வாய் அச்சுகள் பெட்டி பெட்டியாக வரும். அவள் மெழுகில் பல் பதித்து, தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். அந்த வாய்களுக்குச் சொந்தக்காரர்களை ஒருநாளும் பார்த்ததில்லை, பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை. பஸ்ஸில் தன் நிறுத்தம் வந்தால் வழி விடச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப நடந்து வரும் பிறவி அவள். அண்ணி வைத்த பெயர் ஊமைக்கோட்டான். "வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்று அண்ணி கேட்பாள். உதிர்ந்தால் பொறுக்குவதற்காவது அந்த வீட்டில் ஆள் இருக்க வேண்டாமா?

அண்ணன் கண்காட்சி நாய்கள் வளர்ப்பவர். வீட்டின் கீழ்த்தளம் முழுக்கக் கூண்டுகள், மாடியில் தங்கைக்கு ஓர் அறை. நாய்களோடும் பேச மாட்டார், தங்கையோடும் பேச மாட்டார். கெட்டவர் இல்லை. தீனி வைப்பார், காது துடைப்பார், கழுத்தைப் பிடித்து ஊசி போடுவார். எல்லாம் நேரத்துக்கு நடக்கும், வாயிலிருந்து மட்டும் ஒரு சத்தம் வராது.

அவரிடம் ஒரு பெட்டை நாய் இருந்தது. சாம்பல் நிறம், நெடுங்கால், அழகென்றால் அப்படியோர் அழகு. ஆனால் முதல் கண்காட்சியிலேயே மானத்தை வாங்கிவிட்டது. நடுவர் நாய்களை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார் என்றுதான் வேடிக்கை பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்ற படம் அவர் மனதில் இருக்கும். ஒவ்வொரு நாயையும் அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறார். அதற்குக் கண் மட்டும் போதாது. உதட்டை விலக்கிப் பல் பார்ப்பார், தோள், விலா, இடுப்பு என்று தடவிக்கொண்டே போவார். ரோமத்தைச் சீவி மறைத்த குறை கைக்குத்தான் தெரியும். அதுவரை நாய் அசையாமல் நிற்க வேண்டும். அந்நியர் கைக்குப் பயந்து ஒதுங்கினால், ரதியே ஆனாலும் வெளியே போக வேண்டியதுதான். இது ஒதுங்கியது.

"இன்னும் ஒரு தடவை பாப்பேன். அப்பவும் நிக்கலைன்னா குடோன் வாட்ச்மேன்கிட்ட குடுத்துடுவேன்," என்று அண்ணன் அண்ணியிடம் சொன்னது மாடிப்படியில் நின்ற தங்கையின் காதில் விழுந்தது. குடோன் என்றால் தகரக் கூரை, குட்டைச் சங்கிலி, ஆயுசு முழுக்க. அவள் கீழே இறங்கி வந்து, "நான் பழக்கட்டுமாண்ணே?" என்று கேட்டாள். அண்ணன் கயிற்றை எடுத்து அவள் கையில் வைத்தார். அதுதான் பதில்.

பழக வேண்டுமானால் முன்பின் தெரியாதவர்கள் தொட வேண்டும். தெரியாதவர்களை எந்தக் கடையில் வாங்குவது? பஸ் நிறுத்தத்தில் நின்ற தபால்காரரிடம் போய், காதெல்லாம் சூடாக, "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க நாயோட பல்லைக் கொஞ்சம் பாக்குறீங்களா?" என்றாள்.

"ஏன், பல்லுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல சார். நல்லாத்தான் இருக்கு."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குனிந்து, "எங்க, ஈன்னு காட்டு பாப்போம்," என்று நாயிடம் சொல்லிவிட்டு உதட்டைத் தூக்கினார்.

அதற்கப்புறம் சலவைக்கடை அம்மா, ரொட்டிக் கடைக்காரர், டாக்சி ஓட்டுநர் என்று ஆள் சேர்ந்துகொண்டே போனது. அவளும் நாயும் தெருமுனையில் தெரிந்தாலே கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். "இன்னைக்கு என் முறைதானே?" என்று கேட்டு, நாயோடு ஊர்க்கதையெல்லாம் பேசிக்கொண்டே தடவிக் கொடுப்பார்கள். நாய் யார் தொட்டாலும் நின்றது. அவளும் இப்போதெல்லாம் பஸ்ஸில் சரியான நிறுத்தத்தில் இறங்கினாள்.

கண்காட்சி நாள் வந்தது. நடுவர் கண்ணாடி போட்ட, கண்டிப்பான முகக்காரர். "வயசு?" என்று மட்டும் அவளிடம் கேட்டார். பிறகு மறுபேச்சில்லாமல் கையை நீட்டினார். நாய் உடம்பைக் குறுக்கிக்கொண்டு பின்னால் போனது. வேலிக்கு அப்பால் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தெருவில் அத்தனை பேரும் பேசிக்கொண்டே தொட்டார்கள். பேசாத கைக்கு அவள் பழக்கவே இல்லை. பேசாமல் வரும் கை, இந்த நாயைப் பொறுத்தவரை, ஊசி போடுகிற கை.

நடுவர் மறுபடி கையை நீட்டினார். இதுதான் கடைசி வாய்ப்பு. சுற்றிலும் கூட்டம், அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எப்படியோ பிரித்தெடுத்தாள்.

"சார், ஒரு நிமிஷம். தொடறதுக்கு முன்னாடி அதுகிட்ட ஏதாவது பேசுங்க."

நடுவர் நிமிர்ந்தார். "என்ன பேசணும்?"

"எதுவானாலும் சரி சார். சாப்ட்டியான்னு கேட்டாக்கூடப் போதும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை. நாயின் முகத்துக்கு நேராகக் குனிந்து, சம்பந்தி வீட்டாரை விசாரிப்பதுபோல மரியாதையாக, "சாப்ட்டியாம்மா?" என்றார். நாய் காதை நிமிர்த்தியது. "நான் இன்னும் சாப்பிடல. எங்க, பல்லைக் காட்டு," என்று பேசிக்கொண்டே பல் பார்த்தார், தோள் பார்த்தார், விலா பார்த்தார். அது சிலையாட்டம் நின்றது.

முன்னங்கால் லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதாம், மூன்றாம் பரிசுதான். அவளுக்கு அது காதிலேயே ஏறவில்லை. இனி குடோன் இல்லை என்ற ஒன்றுதான் மனதில் ஓடியது. சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துத் துடைத்து மூக்கு சிவந்துவிட்டது.

வாசலில் அண்ணன் நின்றிருந்தார். நின்று காட்டிய நாய் இனி அவருடைய கண்காட்சி நாய், கீழ்த்தளத்துக் கூண்டு நாய். வழக்கம்போல் ஒன்றும் சொல்லாமல் கயிற்றுக்குக் கை நீட்டினார். நாய் ஓர் அடி பின்னால் வைத்தது. அவளும் ஓர் அடி பின்னால் வைத்தாள்.

"முதல்ல ஏதாவது பேசுங்கண்ணே," என்றாள்.

அண்ணன் நாயைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. தொண்டையைச் செருமினார். பிறகு, தங்கையின் சிவந்த மூக்கைப் பார்த்து, "காலைலேர்ந்து நீ ஏதாவது சாப்ட்டியா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே," என்றாள். கயிற்றை மட்டும் கொடுக்கவில்லை. அண்ணனும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, சாப்பாட்டுக் கடை எந்தப் பக்கம் என்று வாசற்காவலரிடம் கேட்கப் போனார்.