கோடு போட்ட கனவு

சாய்ந்தமருதிலிருந்து எனக்குக் கலியாணம் பேசி வந்தவர்கள், மறுமொழி சொல்ல வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை வரைக்கும் தவணை தந்திருந்தார்கள். பெண்ணைப் பற்றி ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் என்னிடம்தான். நான் மருதமுனையில் ஆண்கள் இடுப்பில் உடுக்கிற சாரன் நெய்கிறவன். கடல் எங்கள் வளவுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் கிடந்தது. ஆனால் எனக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை இல்லை. முழங்காலுக்கு மேலே தண்ணீர் ஏறினால், உயிர் போகப்போகிறவனைப் போலக் கலிமா சொல்லத் தொடங்கிவிடுவேன். பெண்ணின் வாப்பாவுக்கோ சொந்தத் தோணியும் கரைவலையும் இருந்தன. எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். போன இடத்தில் மாமனார் ஒரு காலையில், "வாங்க மருமகன், தோணி தள்ளுவம்" என்று கூப்பிட்டால் என் கதி என்ன?

இல்லையென்று சொல்லிவிடவும் மனம் வரவில்லை. பெண்ணை ஒரு பெருநாளன்று தூரத்தில் கண்டிருந்தேன். அந்தத் தூரமே போதுமாக இருந்தது.

"இஸ்திகாராத் தொழுடா. அல்லாஹ்ட பொறுப்பில குடு" என்றார் உம்மா.

இரண்டு ரக்அத் தொழுது, துஆ ஓதி, காரியத்தை அவனிடம் ஒப்படைப்பதுதான் இஸ்திகாரா. ஆனால் ஊரில் இதற்கு ஒரு வால் ஒட்டியிருந்தது. தொழுதுவிட்டுப் படுத்தால் கனவு வரும். பச்சையோ வெள்ளையோ கண்டால் செய், சிவப்போ கறுப்போ கண்டால் விடு. நான் தொழுகையை அவசரமாக முடித்துக்கொண்டு வாலைப் பிடித்துக்கொண்டேன்.

கனவும் வந்தது. முடிவே இல்லாத ஒரு சாரன் துணி. ஒரு கோடு பச்சை, அடுத்த கோடு சிவப்பு. இரண்டும் ஒரே அகலம்.

பக்கத்துத் தறிக் கூட்டாளியிடம் சொன்னேன். அவன் மிதியை நிறுத்திவிட்டு யோசித்தான்.

"கரை என்ன நிறம்?"

"பாக்கல்ல மச்சான்."

"நீயெல்லாம் ஒரு நெசவுகாரனாடா! துணியக் கண்டா முதல்ல கரையத்தானே பாக்கிற?"

அது நியாயமாகப் பட்டது. மறுபடியும் தொழுது, கரையைப் பார்த்தே ஆகவேண்டும் என்று படுத்தேன். அதே துணி வந்தது. கரையில் கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக ஓடிற்று.

கனவைக் கேட்டு, எனக்கு மூத்தவளான ராத்தா விழுந்து விழுந்து சிரித்தாள். "விடிஞ்சாப் பொழுதுபட்டா நிறநிறமா நூலப் பாத்துக்கிட்டு இரிக்காய். மறுகா உனக்குக் கனவில என்ன, கத்தரிக்காயா வரும்?"

அன்று தறியில் சிவப்பு ஓட வேண்டிய இடத்தில் பச்சையை ஓட்டினேன். அவிழ்த்துவிட்டுப் பச்சை ஓட வேண்டிய இடத்தில் சிவப்பை ஓட்டினேன். நெய்ததைவிடப் பிரித்ததுதான் கூட.

இனி வழியில்லை என்று கல்முனையில் ஃபால் கிதாபு பார்ப்பவரிடம் போகத் தீர்மானித்தேன். கட்டங்களில் அறபு எழுத்துப் போட்ட ஒரு பக்கத்தை அவர் விரித்து வைப்பார். நாம் கண்ணை மூடி விரலை வைத்தால், விழுந்த எழுத்தைக் கொண்டு வரப்போவதைச் சொல்வார். அல்லாஹ்விடம் கேட்டதைச் சரிபார்க்க மனிதனிடம் போகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. அதற்காகச் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு போனேன். வழியில் கண்டவர்களெல்லாம் சலாம் சொல்லி, "எங்க, கிதாபு பாக்கவா?" என்று விசாரித்தார்கள்.

அவர் பக்கத்தை விரித்தார். பிஸ்மி சொல்லி விரலை வைத்தேன். கண்ணைத் திறந்தால் விரல் இரண்டு கட்டங்களுக்கு நடுவே கோட்டின்மேல் நிற்கிறது.

"தம்பி, இன்னொருக்கா வைங்க."

வைத்தேன். மறுபடியும் கோடு.

அவர் பக்கத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "செஞ்சாலும் நல்லம். செய்யாட்டியும் கெடுதி ஒண்டும் இல்ல" என்றார். பிறகு அவருக்கே அது பிடிக்கவில்லை போலும். குரலைத் தாழ்த்தி, "ஒரு வேல செய்ங்க தம்பி. இஸ்திகாராத் தொழுங்க" என்றார்.

"அது தொழுதிட்டன்."

"தொழுதிட்டா?" அவர் கிதாபைப் பட்டென்று மூடினார். "மறுகா என்னத்துக்கு இஞ்ச வந்தீங்க?"

சால்வையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை முற்பகலில் இன்னொரு தடவை தொழுதேன். இந்தத் தடவை கனவுக்கு நேரமில்லை. ஆகவே துஆவை நிதானமாக ஓத முடிந்தது. நீ அறிகிறாய், நான் அறியேன். இது எனக்கு நல்லதென்றால் இலேசாக்கித் தா, கெட்டதென்றால் என்னைவிட்டுத் திருப்பிவிடு. எத்தனையோ தடவை ஓதியதுதான். எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடு என்று அதில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். இல்லை. பொறுப்பைக் கொடுத்தவன், கொடுத்த கையோடு உள்ளே என்ன நடக்கிறதென்று வேலிக்குள்ளால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதைக் கண்டுபிடித்ததும் குழப்பம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. கடல் இருந்த இடத்திலேயே இருந்தது; முழங்காலும் அப்படித்தான்.

ஜும்ஆ முடிந்து, மறுமொழி கொண்டுபோக வேண்டிய மாமா, உம்மாவின் அண்ணன், சைக்கிளோடு வாசலில் வந்து நின்றார்.

"என்னடா, ஓமா, இல்லையா?"

"ஓம் மாமா."

"நல்லா விளங்கித்தான் சொல்றியா?"

"ஒண்டும் விளங்கல்ல. அல்லாஹ்ட பொறுப்பு."

மாமா உம்மாவைப் பார்த்தார். உம்மா என்னைப் பார்த்தார். "இத அங்க போய் நான் எப்படிச் சொல்ற?" என்றார் மாமா.

"முதல்ல சொன்னத மட்டும் சொல்லுங்க காக்கா" என்றார் உம்மா.

மாமா சைக்கிளில் ஏறிவிட்டார். ஒழுங்கை முடக்கில் திரும்பப் போகிறார். கூப்பிட்டு நிறுத்த இன்னும் நேரம் இருந்தது. வாசலுக்கு ஓடி வாயைத் திறந்தேன்.

"மாமா!"

ஒரு காலை ஊன்றித் திரும்பினார். "என்னடா?"

"மெதுவாப் பாத்துப் போங்க" என்றுதான் வந்தது.