சுதா ஊற்றித் தந்த சுவிஸ் வைன்

சுதா போய்விட்டாள்.

காலையில் அவள் கணவர் ரவி அண்ணா அனுப்பிய மெசேஜை ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து படித்தேன். உள்ளே போகவில்லை. அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

ஹூஸ்டனில் எங்கள் இருவருக்கும் ஒரே ஆபீஸ், பக்கத்துப் பக்கத்து சீட். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சுவிட்சர்லாந்தில் லோசான் பக்கம் வளர்ந்து, கல்யாணமாகி ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊருக்கு வந்தவள். நான் மதுரைக்காரி. என்னிடம் ‘நீர்’ போட்டுத்தான் பேசுவாள். முதலில் சிரிப்பாக வரும். பிறகு அதைக் கேட்காவிட்டால் என்னவோ போல ஆகிவிட்டது...

முதல் தடவை அவள் வீட்டில் சாப்பிட்டபோது இடியப்பம், சொதி, பொரித்த மீன். கூடவே ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு வெள்ளை வைன். சாஸ்லா என்று ஒரு திராட்சையாம். அவள் வளர்ந்த ஏரிக்கரைச் சரிவுகளில் விளைவது. பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்களே குடித்துத் தீர்த்துவிடுவார்களாம். சம்மரில் அம்மாவைப் பார்த்துவிட்டு வரும்போது சூட்கேஸில், சேலைக்குள் சுற்றிக் கொண்டுவருவாள்.

நான் அதுவரை வைன் குடித்ததில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, “இதுல ஒண்ணுமே இல்லையே சுதா” என்றேன்.

“அதுதான் அதின்ர குணம். சாப்பாட்டின்ர ருசியை மேவி நிக்காது. சொதியோட குடிச்சுப் பாரும்.”

தேங்காய்ப்பாலுக்கும் எலுமிச்சைக்கும் நடுவில் அது எப்படியோ போய் உட்கார்ந்துகொண்டது.

சுவிஸில் அதை உருக்கிய சீஸோடும் ஏரி மீனோடும் குடிப்பார்களாம். எங்கள் வீட்டு மீன் குழம்புக்கு ஒரு பாட்டில் கேட்டேன். “உம்மட மதுரைக் குழம்புக்கோ? பாவம், வைன்” என்றாள். தரவில்லை.

ஒருமுறை தெரிந்தவர் வீட்டு பார்ட்டி. ஆண்கள் எல்லோரும் கராஜில் விஸ்கியோடு நின்றிருந்தார்கள். சுதா கையில் கிளாஸைப் பார்த்த ஒரு அங்கிள், “என்னம்மா, லேடீஸெல்லாம் ட்ரிங்க் பண்ண ஆரம்பிச்சுட்டீங்களா?” என்றார்.

“ஓம் அங்கிள். நீங்கள் கராஜில நிண்டு குடிக்கிறியள். நான் மேசையில இருந்து சாப்பாட்டோட குடிக்கிறன்.”

குரலைக்கூட உயர்த்தவில்லை. அங்கிள் ஒரு கட்லெட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

போன வருடம் கேன்சர். கீமோ ஆரம்பித்ததும் முதலில் போனது ருசிதான். எதை வாயில் வைத்தாலும் தகரம் மாதிரி இருக்கிறது என்பாள். முடி கொட்டியதற்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் வரச்சொன்னாள். ரவி அண்ணா மீன் பொரித்திருந்தார். சூட்கேஸில் வந்ததில் மிச்சமிருந்த பாட்டிலையும் திறந்து வைத்திருந்தார். சுதா உதட்டை மட்டும் நனைத்தாள். பிறகு எனக்கு ஒரு கிளாஸ் ஊற்றி, என் பக்கம் தள்ளினாள்.

“எனக்கு ஒண்டும் தெரியேல்லை. நீர் குடிச்சிட்டுச் சொல்லும்.”

எனக்கு வைனைப் பற்றியெல்லாம் பேசத் தெரியாது. “ஜில்லுன்னு இருக்கு... நாக்கு நுனியில குறுகுறுங்குது. பச்சை ஆப்பிளைக் கடிச்ச மாதிரி. ஆனா ரொம்ப லேசா.”

கண்ணை மூடிக்கொண்டாள். “பிறகு?”

“கடைசியில கொஞ்சூண்டு கசப்பு. பாதாம் தோல் மாதிரி.”

“இப்ப மீனைத் திண்டிட்டுக் குடியும்.”

“எண்ணெய்ப் பிசுக்கே இல்ல சுதா. வாய் சுத்தமாயிடுச்சு. இன்னொரு துண்டு கேக்குது.”

“ஓம்... ஓம். அதுதான்.” கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். “இன்னொரு துண்டு எடும்.”

ரவி அண்ணா எழுந்துபோய் சிங்க்கில் தண்ணீரைத் திறந்துவிட்டார். கழுவ அங்கே ஒன்றும் இல்லை.

தட்டில் இருந்த மீன் முழுவதையும் நானே சாப்பிட்டேன். ஒவ்வொரு வாயாகச் சொல்லிக்கொண்டே. கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டாள்.

அதன்பிறகு ஹாஸ்பிடலில்தான் பார்த்தேன். பேசும் நிலையில் இல்லை.

அவள் அம்மா நாளை மதியம் வந்து இறங்குகிறார். ரவி அண்ணாவால் டிரைவ் பண்ண முடியாது, ஏர்போர்ட்டுக்கு நான்தான் போகிறேன். அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. என்ன பேசுவது என்று இப்போதுவரை தெரியவில்லை...

சுதா, அம்மாவைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.