ஆயிரம் மணி நேர வளையம்

பம்புத் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் அவரை எல்லாரும் வளையக்கா என்றே கூப்பிட்டார்கள். சுடுநீர் பம்பு கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் ஒன்றை, கலவையை மாற்றி மாற்றி அவரே செய்திருந்தார். ஆயிரம் மணி நேரம் நிற்காமல் ஓடிக் கசியாவிட்டால்தான் அது தேறும். பதினோரு வருடமாக அது ஓடி முடியவில்லை. குறை வளையத்தில் இல்லை. கம்பெனிதான் கை மாறிக்கொண்டே இருந்தது.

முதலில் ஜெர்மன்காரர்கள். ரப்பருக்குச் சான்றிதழ் எங்கே, வரைபடத்தில் கையெழுத்து எங்கே என்றே பதினான்கு மாதம் போனது. ஓடத் தொடங்கிய பிறகு ஒருவரும் அதைத் தொடவில்லை. எழுநூறு மணியில் கம்பெனியை விற்றுவிட்டார்கள்; சோதனையும் நின்றது.

வாங்கிய ஜப்பான்காரர்களின் மேலாளர் வளையக்காவின் மேசைக்கே வந்து உட்கார்ந்து, ஏன், ஏன் என்று கேட்டார். அதுவரை அவரிடம் யாரும் அப்படி அக்கறையாகக் கேட்டதில்லை. ஆனால் ஒன்பது பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டாமவர் தலையசைத்த வாரத்தில் ஒன்பதாமவருக்கு மாற்றல் வந்தது. சோதனை தொடங்கவே இல்லை.

பிறகு வந்த அமெரிக்கர்கள் மூன்று நிமிடத்தில் சம்மதித்துக் கையும் தட்டினார்கள். காலாண்டு முடிந்ததும் திட்டப் பட்டியலில் வளையம் இல்லை. அறுநூற்றுப் பத்தாவது மணியில் ஒருவர் வந்து நிறுத்தும் பொத்தானை அமுக்கிவிட்டுப் போனார்.

நின்றுபோனால் புது வளையம் போட்டுப் பூஜ்யத்திலிருந்து ஓட்ட வேண்டும். அந்த ஒரு விதியை மட்டும் மூன்று நாட்டாரும் மாற்றவில்லை.

“ஊர் பம்புக்கெல்லாம் வளையம் செய்யறே. நம்ம வீட்டுக் குழாய் ஒழுகுறது தெரியுதா?” என்றார் கணவர்.

“அதுக்கு எத்தனை பேர் கையெழுத்து வேணும், சொல்லுங்க.”

ஓய்வுக்கு முப்பத்தெட்டு நாள் இருக்கையில் வளையக்கா துறைத் தலைவரிடம் போய் நின்றார்.

“இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துடறேன் சார்.”

“ஆயிரம் மணின்னா நாப்பத்திரண்டு நாள் ஆகும் அக்கா. கணக்கு உதைக்குதே.”

“தெரியும்.”

“எந்தத் திட்டத்துலன்னு மேலே கேப்பாங்க.”

“மூணு நாட்டுக்காரங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது சார். இந்தத் தடவை நீங்க சொல்லுங்க.”

அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வளையக்கா பம்பை ஓட விட்டார்.

கடைசி நாள் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு மணி. பம்பின் அடியில் விரித்த வெள்ளைக் காகிதத்தில் சொட்டு ஈரமில்லை.

“கம்பெனியை மறுபடி விக்கறாங்களாம் அக்கா,” என்றார் துறைத் தலைவர்.

“இந்தத் தடவை யாருக்கு?”

“இன்னும் தெரியலை.”

வளையக்கா பையிலிருந்து தன் தேநீர்க் கோப்பையை எடுத்தார். நிறுத்தும் பொத்தானின் மேல் அதைக் கவிழ்த்து, சுற்றிலும் டேப் ஒட்டினார்.

“இன்னும் எண்பத்தெட்டு மணி. யாரா இருந்தாலும் அப்புறம் வந்து வாங்கச் சொல்லுங்க.”