எஸ்தர் அக்கா எழுதச் சொன்ன சுவர்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். எஸ்தர் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் சலூனில் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். தாம்பரம் பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை என்று டீக்கடைக்காரர் வந்து சொன்னார். அப்படியே ஓடினேன். ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் வெளுப்புமான என் மீசையைப் பார்த்து, துக்க வீட்டில் அழுதவர்கள்கூட ஒரு கணம் நிறுத்தினார்கள். அக்கா பார்த்திருந்தால், "மீதிப் பெயிண்டை யார் தின்னது?" என்று கேட்டிருப்பார்.

மாடம்பாக்கம் போகும் சாலையில், போலியோவில் கால் போன பிள்ளைகளுக்கான இல்லத்தில் அவர் செயலாளராக இருந்ததை நீங்கள் அறிவீர்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். சுவரெழுத்துதான் பிழைப்பு. எலெக்‌ஷன் வந்தால் எல்லாக் கட்சிக்கும் இதே கைதான். மற்ற நாளில் கோயில் டியூப் லைட்டில் 'உபயம்' எழுதுவேன்.

ஒருநாள் அக்கா என்னைக் கூப்பிட்டு, இல்லத்தின் மதில் சுவரில் மூன்று விஷயம் எழுதச் சொன்னார். நமக்குக் கொடுத்தவர் யார், நாம் போய்ப் பார்த்த அதிகாரி, அரசியல்வாதி யார், அவரிடம் கேட்டது என்ன. ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும், ரோட்டில் போகிறவர் படிக்கிற மாதிரி.

"இன்னாக்கா, கல்யாணப் பத்திரிகைல கூட இவ்ளோ பேர் போட மாட்டாங்களே" என்றேன்.

"டியூப் லைட் வாங்கிக் கொடுத்தவன் பேரை வெளிச்சமே வராத அளவுக்கு எழுதுறியே, மந்திரியைப் பார்க்கப் போனதை மட்டும் எதுக்குடா இருட்டுல வைக்கணும்?"

"சில பேரு பேரே வேணாம்னு தர்மம் பண்றாங்களே?"

"எதுவும் கேக்காதவன் பேரை மறைச்சுக்கட்டும். கொடுத்துட்டு எதையாவது கேக்கறான் பாரு, அவன் பேரு வேணும்."

அடுத்த வருஷம் ஒரு மனை வியாபாரி இல்லத்துக்கு வேன் கொடுத்தார். மாலை, நாதஸ்வரம், போட்டோ எல்லாம் ஆயிற்று. சில வாரம் கழித்து, இல்லத்தை நடத்தும் டிரஸ்டின் தலைவர் பிள்ளைகளை அதே வேனில் ஏற்றி மந்திரி வீட்டுக்குக் கூட்டிப்போனார். பிள்ளைகளைத் தனியே விட மனமில்லாமல் அக்காவும் ஏறினார். கோட்டையைக் காட்டப் போகிறார்கள் என்று நினைத்தாராம். அங்கே போய் நின்ற பிறகுதான், பிள்ளைகள் பேரைச் சொல்லி, இல்லத்தை ஒட்டிய ஏரிக்குள் ரோடு கேட்கிறார்கள் என்று தெரிந்தது. ஊன்றுகோலோடு நிற்கிற பிள்ளைகளிடம் எந்த மந்திரி இல்லையென்பார்? ரோடு போய் முடிகிற இடம் வேன் கொடுத்தவரின் மனைகள்.

மறுநாள் காலையிலேயே என்னைக் கூப்பிட்டார். வேன் கொடுத்தவர் பேர், பார்த்த மந்திரி பேர், கேட்ட ரோடு, அது போகிற இடம். பாதி எழுதிவிட்டு, "எதுக்குக்கா வம்பு?" என்றேன்.

"ஏரியை மேடாக்கினா தண்ணி நம்ம ஹாலுக்குத்தான் வரும். இந்தப் பிள்ளைங்களால ஓட முடியாதுடா."

அன்று சாயங்காலம் எதிரே வெள்ளை அம்பாசிடர் ஒன்று வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. மறுநாளும் நின்றது. மூன்றாம் நாள் ஒருவர் இறங்கி, வேர்க்கடலை கொறித்துக்கொண்டே சுவரை முழுக்கப் படித்தார். பிறகு என் தோளில் கை போட்டார்.

"எய்த்து சோக்கா கீதுபா. கைய பத்திரமா வச்சிக்கோ."

அதன்பின் ரொம்ப நாள் நான் முதுகைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டுதான் டீ குடித்தேன்.

டிரஸ்ட் கூட்டம் போட்டு அக்காவை நீக்கியது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அடிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். கழுத்து வலி என்று சொல்லிவிட்டேன். அக்காவிடம் போய், "போனாப் போவுது, வேற சுவரா இல்ல?" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. "எஸ்தர் எழுதினா எஸ்தரை நிறுத்திடலாம். எழுதித்தான் ஆகணும்னு சட்டம் இருந்தா யாரை நிறுத்துவாங்க?" என்றார். கொடுத்தது, பார்த்தது, கேட்டது மூன்றையும் எல்லா டிரஸ்டும், எல்லா மந்திரி ஆபீசும் வாசலில் போட வேண்டும் என்று அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு மனு எழுதினார். ஒருவரும் பதில் போடவில்லை.

ரோடு வந்தது. அந்த ஐப்பசியிலேயே தண்ணீரும் வந்தது, விடிவதற்குள் ஹாலுக்குள். நீக்கப்பட்ட அக்காதான் இடுப்பளவு தண்ணீரில் முதலில் போனார். நாங்கள் பிள்ளைகளை மேசைமேல் தூக்கி வைத்தோம். எல்லோரும் பிழைத்தார்கள். ஊன்றுகோல்கள் மட்டும் கதவைத் தாண்டி மிதந்து போயின. பார்வையிட வந்த அதிகாரியிடம், ஏரிக்குள் ரோடு போட்டது யார் கேட்டு என்று அக்கா கத்தினார். அவர் கோப்பைப் புரட்டிப் பார்த்து அமைதியாகச் சொன்னார்: "இந்தப் பிள்ளைங்கதானேம்மா கேட்டிருக்காங்க."

அக்கா திரும்பிப் போய், மிதந்து போன ஊன்றுகோல்களைத் தேட ஆரம்பித்தார்.

அடக்கத்துக்கு அந்த அம்பாசிடர் ஆளும் வந்திருந்தார். பெரிய மாலை. கல்லறைத் தோட்டத்து வாசலில் என் பக்கத்தில் வந்து நின்று, "இன்னும் எய்திகினுதான் கீறியா?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் ஏரி பாக்கி இருக்கிறது.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மூன்று கேள்விகள். கொடுத்தது யார், பார்த்தது யாரை, கேட்டது என்ன. போன வாரம் எங்கள் தெருச் சங்கத்தார் சிமெண்ட் கடைக்காரர் பிடித்துக் கொடுத்த காரில் போய் எம்.எல்.ஏ.வைப் பார்த்து, கால்வாய் கட்டித்தரக் கேட்டார்கள். யாரும் சொல்லாமலே தெருமுனைச் சுவரில் மூன்றையும் நானே எழுதினேன். காய்வதற்குள் ஒரு மாடு வந்து சுவரில் உடம்பைத் தேய்த்தது. கடைக்காரர் பெயரும் எம்.எல்.ஏ. பெயரில் பாதியும் மாட்டின் வலது பக்கத்துக்கு வந்துவிட்டன. மாடு மார்க்கெட் வரை போய்விட்டு மாலையில் வீடு திரும்பியது. பெயிண்டைத் துடைக்க மாட்டுக்காரருக்கு மண்ணெண்ணெய் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.